பிஷெட், டக்கர், சீஸ்: புளூ ஜேஸ் யாருக்காகப் பணத்தை இறக்க வேண்டும்?

2025 நவம்பர் 1 அன்று டொராண்டோவின் ரோஜர்ஸ் சென்டர் அரங்கில் நடந்த உலகத் தொடரின் (வட அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலின் இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டு அவுட்கள் எடுத்திருந்தால், டொராண்டோ புளூ ஜேஸ் 1993க்குப் பிறகு முதன்முறையாகச் சாம்பியன் ஆகியிருக்கும். புளூ ஜேஸின் ஜெஃப் ஹாஃப்மன் வீசிய பந்தை, எதிரணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் எல்லைக்கு வெளியே அடித்து ஹோம் ரன்னாக்கி ஆட்டத்தைச் சமன் செய்தார். 11ஆவது இன்னிங்ஸில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன் 5-4 என்ற கணக்கில் டாட்ஜர்ஸுக்குக் கோப்பையைத் தந்தது. அந்த இரவின் வலி ரசிகர்களுக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் 2025 நவம்பர் பாதியைத் தொடும் இந்த நேரத்தில் வீரர்களின் சந்தை திறந்துவிட்டது, அணியின் பொது மேலாளர் ராஸ் அட்கின்ஸ் எடுக்கவேண்டிய முடிவுகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. எல்லாரையும் வாங்க முடியாது என்பதால் பேட்டர்கள் போ பிஷெட், கைல் டக்கர், பிட்சர் (பந்து வீசுபவர்) டிலன் சீஸ் உள்ளிட்டோருள் யாரை முதலில் நாடுவது, யாரை எந்த விலைக்கு மேல் விட்டுவிடுவது என்பதை நிதானமாக ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ஐபிஎல் ஏலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே அதிக விலை சொன்ன அணிக்கு வீரர் போய்விடுகிறார். மேஜர் லீகில் ஆறு ஆண்டு சேவையை முடித்து, ஒப்பந்தமும் தீர்ந்த வீரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார். முப்பது அணிகளில் யாருடைய அழைப்பை ஏற்பது என்பதை அவரே முடிவு செய்கிறார். ஆகவே அணியிடம் பணம் இருப்பது மட்டும் போதாது, வீரருக்கும் வர விருப்பம் இருக்க வேண்டும். டொராண்டோ இதைப் பட்டே அறிந்த நகரம். 2023 டிசம்பரில் ஷோஹெய் ஓதானி டொராண்டோவுக்கு விமானம் ஏறிவிட்டார் என்ற செய்தி பரவி நகரமே பூரித்திருக்க, மறுநாள் அவர் 10 ஆண்டு, 700 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் டாட்ஜர்ஸுடன் சேர்ந்தார். அடுத்த குளிர்காலத்தில் ஹுவான் சோட்டோ 15 ஆண்டு, 765 மில்லியன் டாலருக்கு மெட்ஸ் அணிக்குச் சென்றார். 2025 ஜனவரியில் ரோகி சசாகியும் டாட்ஜர்ஸையே தேர்ந்தெடுத்தார். இம்மூவரையும் அடைய புளூ ஜேஸ் முயன்றது, மூவரும் கைக்கு எட்டவில்லை.

இந்த முறை நிலைமை மாறியிருக்கிறது. 2024இல் 74 வெற்றிகளோடு அமெரிக்கன் லீகின் கிழக்குப் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்த அணி, 2025இல் 94 வெற்றிகளோடு அதே பிரிவை வென்று, யாங்கீஸையும் மரைனர்ஸையும் தாண்டி உலகத் தொடருக்குள் நுழைந்தது. விளாடிமிர் கெரெரோ ஜூனியர் 14 ஆண்டு, 500 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார். கோப்பையை நெருங்கிய அணி, நெடுங்காலம் நகரப் போவதில்லை என்று உறுதியான ஒரு மையத் தூண், செலவழிக்கத் தயங்காத உரிமையாளர்: மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த குளிர்காலம் இந்த அணிக்கு அண்மைக் காலத்தில் வாய்க்கவில்லை.

யாரை வாங்குவது என்பதற்கு முன், அணி எதனால் தோற்றது என்பதைப் பார்க்க வேண்டும். ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து புளூ ஜேஸ் எடுத்த ரன்கள் 34, டாட்ஜர்ஸ் எடுத்தவை 26. எட்டு ரன்கள் அதிகம் எடுத்தும் தொடர் கைநழுவியது. முதல் ஆட்டத்தில் அடிசன் பார்ஜர் மாற்று பேட்டராக இறங்கி அடித்த கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன்) உலகத் தொடர் வரலாற்றிலேயே அவ்வகையில் முதலாவது. எர்னி கிளெமென்ட் ஒரே போஸ்ட்சீசனில் (வழக்கமான சீசனுக்குப் பிந்தைய நாக் அவுட் சுற்றுகள்) 30 ஹிட்கள் (பந்தை அடித்துப் பேஸை எட்டுவது) அடித்துப் புதிய சாதனை படைத்தார். சீசன் முழுவதும் ஸ்ட்ரைக் அவுட் ஆவதை மிகக் குறைத்துக்கொண்டு, பந்தை எப்படியாவது ஆட்டத்துக்குள் தள்ளிய பேட்டிங் வரிசை இது. குறை பேட்டிங்கில் இருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இன்னிங்ஸ்களில்தான் அணி சறுக்கியது: மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் வரை நீண்டு ஃப்ரெடி ஃப்ரீமனின் ஹோம் ரன்னில் முடிந்தது, ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது, ஒன்பதாவது, 11ஆவது இன்னிங்ஸ்களில் தலா ஒரு ஹோம் ரன் விழுந்தது.

அதோடு, தொடக்கப் பிட்சர்களின் வரிசை அடுத்த ஆண்டுக்கு மெலிந்து நிற்கிறது. ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கிய 41 வயது மேக்ஸ் ஷெர்ஸரும், மூன்று ஆண்டுகள் உழைத்துக் கொடுத்த கிறிஸ் பாசிட்டும் ஒப்பந்தம் முடிந்து வெளியே நிற்கிறார்கள். ஷேன் பீபர் 16 மில்லியன் டாலர் விருப்பத் தெரிவை (இன்னோர் ஆண்டு நீடிக்கும் உரிமை) ஏற்று அணியில் நீடிப்பது பெரிய ஆறுதல். ஆனால் பீபர், கெவின் காஸ்மன் இருவரின் ஒப்பந்தங்களும் 2026 முடிவில் தீர்ந்துவிடும். முழங்கைத் தொல்லையால் ஹோசே பெரியோஸ் போஸ்ட்சீசனில் ஆடவே இல்லை. உலகத் தொடரில் ஒரே ஆட்டத்தில் 12 ஸ்ட்ரைக் அவுட்கள் எடுத்து அசத்திய ட்ரே யெசாவேஜுக்கு வயது 22. 2025ஐ மைனர் லீகின் கீழ்ப்படியில் தொடங்கிய அந்த இளைஞரின் தோள்மீது முழு சீசனின் சுமையையும் ஏற்றுவது நியாயமாகாது.

இப்போது போ பிஷெட்டிடம் வருகிறேன். ரசிகர்களுக்கு இதுதான் மிகக் கடினமான கேள்வி. 2016இல் இந்த அணி தேர்ந்தெடுத்து வளர்த்த வீரர் அவர். கெரெரோவோடு மைனர் லீகில் ஒன்றாக ஆடி, 2019இல் ஒரே ஆண்டில் இருவரும் மேலே வந்தார்கள். 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்கன் லீகில் அதிக ஹிட்கள் அடித்தவர். 2024இல் காயங்களால் 81 ஆட்டங்களே ஆடி .225 என்ற பேட்டிங் சராசரிக்குச் (அடிக்கும் வாய்ப்புகளில் ஹிட் ஆன விகிதம்) சரிந்தபோது பலர் அவரைக் கைகழுவச் சொன்னார்கள், 2025இல் .311 சராசரி, 18 ஹோம் ரன், 94 ஆர்.பி.ஐ. (தன் அடியால் பெற்றுத் தந்த ரன்கள்) என்று திரும்பி நின்றார். செப்டம்பரில் நியூயார்க்கில் ஹோம் பிளேட்டில் நேர்ந்த மோதலில் முழங்கால் பாதிக்கப்பட்டு, முதல் இரண்டு சுற்றுகளிலும் ஆட முடியாமல், உலகத் தொடருக்கு மட்டும் திரும்பியவர், ஏழாவது ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில் ஓதானியின் பந்தை மூன்று ரன் ஹோம் ரன்னாக அடித்தார். அந்த ஒரு பந்துக்காகவே அவருக்கு இந்த நகரம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

கடன்பட்டிருப்பது வேறு, எட்டு ஆண்டு ஒப்பந்தம் வேறு. பிஷெட்டின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடைப்பட்ட இடம்) ஃபீல்டிங் 2025இல் லீகின் மிகப் பலவீனமானவற்றுள் ஒன்றாக இருந்தது. ஓட்டமும் வேகம் குறைந்துவிட்டது. ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் ஒற்றை ஹிட் அடித்ததும் முழங்காலை எண்ணி அவருக்குப் பதிலாக ஓட்டக்காரரை இறக்க வேண்டியிருந்தது. ஆனால் இதற்கு விடை அணிக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ரெஸ் ஹிமெனெஸ் 2029 வரை ஒப்பந்தத்தில் இருக்கிறார். இரண்டாம் பேஸில் மூன்று கோல்டு கிளவ் (சிறந்த ஃபீல்டர் விருது) வென்றவர், பிஷெட் இல்லாத வாரங்களில் ஷார்ட்ஸ்டாப்பில் அருமையாக ஆடினார். மேஜர் லீகில் அதற்கு முன் ஒருமுறைகூட இரண்டாம் பேஸில் நிற்காத பிஷெட், உலகத் தொடரில் அங்கே நின்று சமாளித்தார். ஹிமெனெஸ் ஷார்ட்ஸ்டாப், பிஷெட் இரண்டாம் பேஸ், கிளெமென்ட் மூன்றாம் பேஸ் என்ற அமைப்பு அடுத்த நான்கு ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பது என் கணிப்பு. வரும் மார்ச்சில் அவருக்கு 28 வயதுதான் நிறைகிறது; ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில் இவ்வளவு இளம் வயதில் இவ்வளவு திறமையான பேட்டர் கிடைப்பது அரிது.

விலை என்ன? மொத்தத் தொகை 200 மில்லியன் டாலரைத் தாண்டும் என்று பரவலாகப் பேசப்படுகிறது. அவரை ஷார்ட்ஸ்டாப் என்றே கருதி விலை சொல்லும் அணி ஒன்று வந்தால் புளூ ஜேஸ் அந்தப் போட்டியில் இறங்கக் கூடாது. இரண்டாம் பேஸ் வீரருக்குரிய விலையில், ஆறு ஆண்டுகளுக்குள், தேவையானால் இடையில் விலகும் உரிமையோடு அவர் வருவாரென்றால் தயங்காமல் கையெழுத்திட வேண்டும். அவரை மீண்டும் சேர்ப்பதற்கு டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) எந்த இழப்பும் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மாறாக, அணி வழங்கிய 22.025 மில்லியன் டாலர் ஓராண்டுச் சலுகையை அவர் மறுத்து வேறிடம் போனால், ஆடம்பர வரி (சம்பளச் செலவு வரம்பைத் தாண்டினால் கட்டுவது) கட்டிய அணி என்பதால் புளூ ஜேஸுக்குக் கிடைப்பது நான்காம் சுற்றுக்குப் பிறகான ஒரு தேர்வு மட்டுமே. பத்தாண்டு வளர்த்த வீரருக்கு அது மிகச் சிறிய ஈடு.

கைல் டக்கர் இந்தச் சந்தையின் மிகச் சிறந்த வீரர். இதில் வாதத்துக்கு இடமில்லை. நான்கு முறை தொடர்ச்சியாக ஆல்ஸ்டார். 2025இல் சிகாகோ கப்ஸுக்காக 22 ஹோம் ரன்கள் அடித்தார், 25 பேஸ்கள் திருடினார். ஸ்ட்ரைக் அவுட் ஆன அளவுக்கு வாக் (நான்கு தவறான பந்துகளால் பேஸுக்குப் போவது) எடுத்தார் (88க்கு 87). இடதுகை பேட்டரான அவர் புளூ ஜேஸின் ஜார்ஜ் ஸ்பிரிங்கருக்கும் கெரெரோவுக்கும் அருகே நின்றால் எதிரணிப் பிட்சருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. 2025இல் மீண்டெழுந்து 32 ஹோம் ரன் அடித்த ஸ்பிரிங்கரின் ஒப்பந்தமும் 2026இல் முடிகிறது என்பதால் அவருக்கு அடுத்தவரை இப்போதே பிடித்துவைப்பது தொலைநோக்கு என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. டக்கர் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் பிறந்து வளர்ந்தவர். புளூ ஜேஸின் வசந்தகாலப் பயிற்சித் தளமான டனீடன் அதன் அருகில்தான் இருக்கிறது. அவரை இணங்கவைக்க இது உதவலாம்.

ஆனால் டக்கர் 2024இல் முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பு முறிவால் 78 ஆட்டங்களே ஆடினார். 2025இல் கையில் மயிரிழை முறிவோடு சில வாரங்கள் ஆடியது பின்னர் தெரியவந்தது. செப்டம்பரில் கெண்டைக்கால் தசைப்பிடிப்பும் சேர்ந்துகொண்டது. ஜனவரியில் 29 வயது நிறைகிற ஒருவர், கால் காயங்களுக்குப் பிறகு, செயற்கைப் புல் விரித்த ரோஜர்ஸ் சென்டர் தரையில் ஆண்டுக்கு 81 ஆட்டங்கள் ஓட வேண்டும். அவருக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல், 400 மில்லியன் டாலர் வரை ஆகலாம் என்கிறார்கள். கெரெரோவின் ஒப்பந்தம் 2039 வரை போகிறது. அதற்கு இணையாக இன்னொரு நெடிய ஒப்பந்தத்தையும் சுமந்தால், முப்பதுகளின் நடுவில் நிற்கும் இரண்டு பேட்டர்களைச் சுற்றியே அணியின் எதிர்காலம் சுழலும்.

இங்கேதான் ஆடம்பர வரியின் கணக்கு குறுக்கே வருகிறது. 2026க்கு வரம்பு 244 மில்லியன் டாலர். 2025இலும் வரம்பைத் தாண்டிய புளூ ஜேஸ் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகத் தாண்டினால் அடிப்படை வரி 30 விழுக்காடு. 264, 284, 304 என்ற படிகளைக் கடக்கக் கடக்க அது ஏறி, உச்சப் படிக்கு மேல் 90 விழுக்காட்டை எட்டுகிறது. உச்சப் படிக்கு மேல் ஆண்டுக்கு 40 மில்லியன் டாலர் வாங்கும் வீரரைச் சேர்த்தால் வரியாக மட்டும் 36 மில்லியன் போகும். வரிக்கணக்கில் ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரிதான் எடுத்துக்கொள்ளப்படுகிறது என்பதால் கெரெரோ ஒருவரே ஆண்டுக்கு 35.7 மில்லியனாக அமர்கிறார். வரம்பை 40 மில்லியனுக்கு மேல் தாண்டினால் டிராஃப்டின் முதல் தேர்வு பத்து இடம் பின்னால் தள்ளப்படும். சீஸோ டக்கரோ போல ஓராண்டுச் சலுகையை மறுக்கும் வீரர் ஒருவரை எடுத்தால் இரண்டாவது, ஐந்தாவது தேர்வுகளும், வெளிநாட்டு இளம் வீரர்களுக்கான நிதியில் ஒரு மில்லியனும் போகும். இருவரை எடுத்தால் மூன்றாவது, ஆறாவது தேர்வுகளும் சேர்ந்து போகும். யெசாவேஜ் 2024 டிராஃப்டின் முதல் சுற்றில் வந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் தேர்வுகளின் மதிப்பு புரியும். அணியின் உரிமையாளரான ரோஜர்ஸ் நிறுவனத்தால் இவ்வளவையும் தாங்க முடியும். இருந்தாலும் அந்தச் சுமையை எந்த வீரருக்காக ஏற்பது என்பதை ஆராய்ந்தே முடிவெடுக்க வேண்டும்.

என் தெரிவு டிலன் சீஸ். 2025இல் சான் டியேகோவுக்காக அவர் கொடுத்த 4.55 என்ற இ.ஆர்.ஏ.வைப் (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுக்கும் சராசரி ரன்கள்; குறைவே நல்லது) பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. நானும் அந்த எண்ணை ஒதுக்கிவிடவில்லை: 2022இல் 2.20, 2023இல் 4.58, 2024இல் 3.47, பிறகு 4.55 என்று ஏறி இறங்கும் பிட்சர் அவர்; பந்துகளை அதிகம் செலவழித்து ஆறாவது இன்னிங்ஸுக்கு முன்பே வெளியேறும் வழக்கமும் உண்டு. ஆனால் 2021 முதல் ஐந்து ஆண்டுகளிலும் ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 32 ஆட்டங்களைத் தொடங்கி, 200க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் எடுத்திருக்கிறார். பிட்சர்களின் முழங்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுவைச் சிகிச்சைக்குப் போகிற இந்தக் காலத்தில் அப்படிப்பட்ட உடல் உறுதிக்கே தனி விலை கொடுக்கலாம். புளூ ஜேஸின் பிட்சிங் பயிற்சியாளர் பீட் வாக்கரின் கைவண்ணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020இல் 6.62 என்ற இ.ஆர்.ஏ.வோடு தடுமாறிய ராபி ரே, அவரிடம் பயிற்சி பெற்று 2021இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையே வென்றார். ரேயைப் போலவே சீஸும் வேகம் மிகுந்தவர், கட்டுப்பாடு குறைந்தவர்.

ஃப்ராம்பர் வால்டெஸ் இன்னும் நிலையானவர். ஆண்டுக்கு 190 இன்னிங்ஸ் அளவுக்கு வீசக்கூடிய இடதுகைப் பிட்சர். 2022இல் தொடர்ந்து 25 தரமான தொடக்கங்கள் (ஆறு இன்னிங்ஸாவது வீசி மூன்று ரன்களுக்கு மேல் கொடுக்காதவை) என்ற சாதனை அவருடையது. அவர் பந்துகளைத் தரையில் உருளவைத்து அவுட் எடுப்பவர் என்பதால் பின்னால் நிற்கும் நால்வரும் நல்ல ஃபீல்டர்களாக இருந்தாக வேண்டும். பிஷெட்டை வைத்துக்கொள்ள விரும்பும் அணிக்கு, மட்டையில் பந்து படாமலேயே அவுட் எடுக்கும் சீஸ் கூடுதலாகப் பொருந்துகிறார். பிஷெட் போய்விட்டால் வால்டெஸின் மதிப்பு உடனே உயரும். வால்டெஸுக்கு இந்த மாதம் 32 வயது நிறைகிறது, சீஸுக்கு அடுத்த மாதம் 30. ஃபிலடெல்பியாவின் ரேஞ்சர் சுவாரெஸ் போஸ்ட்சீசனில் பதறாதவர், எனக்கு மிகவும் பிடித்த பிட்சர். ஆனால் ஒரு சீசனிலும் அவர் 160 இன்னிங்ஸைத் தொட்டதில்லை. இன்னிங்ஸ்களைச் சுமக்க ஆள் தேடும் அணிக்கு அவர் முதல் விடையாக முடியாது.

பழைய பட்டங்களின் கதையும் இங்கே வழிகாட்டும். 1991 டிசம்பரில் ஜாக் மோரிஸும் டேவ் வின்ஃபீல்டும் ஃப்ரீ ஏஜென்ட்களாக வந்தார்கள். 1992இல் மோரிஸ் 21 ஆட்டங்களை வென்றார், வின்ஃபீல்ட் அட்லாண்டாவில் 11ஆவது இன்னிங்ஸில் அடித்த டபுள் (இரண்டாம் பேஸை எட்டும் ஹிட்) முதல் பட்டத்தைத் தந்தது. அந்த வெற்றிக்குப் பிறகு வின்ஃபீல்ட், ஜிம்மி கீ, டாம் ஹென்கி ஆகியோரை விட்டுவிட்டு, பால் மொலிட்டரையும் டேவ் ஸ்டீவர்ட்டையும் சேர்த்தார்கள். மொலிட்டர் 1993 உலகத் தொடரின் சிறந்த வீரர் ஆனார். நேசித்தவர்களை விட்டுவிட்டும் வெல்லலாம் என்பதற்கு அது சான்று. பிஷெட் விஷயத்தில் நான் ஒரு விலை வரம்பு வைப்பதற்கும் அதுவே காரணம். மறுபுறம், கடந்த ஜனவரியில் 5 ஆண்டு, 92.5 மில்லியன் டாலருக்கு வந்த ஆந்தனி சான்டாண்டர், தோள் காயத்தோடு 54 ஆட்டங்களில் .175 சராசரியும் 6 ஹோம் ரன்களும் மட்டுமே தந்தார். அவருக்கு நான்கு ஆண்டுகள் மீதமிருக்கும்போது அவுட்ஃபீல்டுக்கு இன்னும் 400 மில்லியனைக் கொட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஆள் வேண்டாமா என்று கேட்கலாம். மெட்ஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகியிருக்கும் எட்வின் டியாஸ் 2025இல் 1.63 இ.ஆர்.ஏ.வோடு 28 சேவ் (கடைசியில் இறங்கி முன்னிலையைக் காத்த ஆட்டங்கள்) எடுத்தவர். மூன்று ஆண்டுகளுக்கு வருவாரென்றால் வரவேற்கலாம். ஆனால் ஹாஃப்மன் 33 சேவ் எடுத்தவர்தான். அவர் விட்டுக்கொடுத்த 15 ஹோம் ரன்களே கவலை. அவரை எட்டாவது இன்னிங்ஸுக்கு நகர்த்திவிட்டு நடுத்தர விலையில் இரண்டு ரிலீஃப் பிட்சர்களை (ஆட்டத்தின் இடையில் இறங்குபவர்கள்) சேர்த்தாலே போதும். சீஸ் வந்தால் அணியின் பிட்சர் எரிக் லாவர் ரிலீஃபுக்குப் போகலாம். ஒரே கையெழுத்தில் இரண்டு ஓட்டைகள் அடைபடும்.

ஆகவே நான் எதிர்பார்க்கும் வரிசை இது. டிசம்பர் 7 அன்று ஆர்லாண்டோவில் குளிர்காலக் கூட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே சீஸிடம் பேசி முடிக்க வேண்டும். ஆறு ஆண்டுகள், ஆண்டுக்கு 30 மில்லியன் டாலருக்குள். அவர் ஏழாவது ஆண்டு கேட்டால் கொடுத்து ஆண்டுச் சராசரியைக் குறைத்துக்கொள்ளலாம், வரிக்கணக்குக்கும் அது நல்லது. அடுத்து பிஷெட்டுக்கு இரண்டாம் பேஸை வெளிப்படையாகச் சொல்லி, ஒரு தெளிவான தொகையையும் ஒரு தேதியையும் வைக்க வேண்டும். அவர் மறுத்தால், இந்தக் குளிர்காலத்தில் ஜப்பானிலிருந்து வரவிருக்கும் யோமியூரி ஜயன்ட்ஸின் கசுமா ஒகமோட்டோவை நாடலாம். 2018 முதல் 2023 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து குறைந்தது 30 ஹோம் ரன் அடித்தவர், மூன்றாம் பேஸில் நிற்பவர், அவரது பழைய அணிக்குத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தாலும் டிராஃப்ட் தேர்வு எதையும் இழக்கவேண்டியதில்லை. டக்கரிடம் நான்கைந்து ஆண்டுகளுக்குள் உயர்ந்த ஆண்டுத் தொகையைச் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் அவருடைய பதிலுக்காக ஜனவரி வரை மற்றக் கதவுகளைத் திறந்தபடி வைத்துக் காத்திருக்கக் கூடாது. ஓதானிக்காகவும் சோட்டோவுக்காகவும் காத்திருந்த குளிர்காலங்களில், அவர்கள் இல்லை என்றான பிறகு மிஞ்சியவர்களுள்தான் தேட வேண்டியிருந்தது.